பொன்னில் ஓடும் ஒளி, சேதாரம் தனி

கே: பரப்புப் பிளாஸ்மான் என்றால் என்ன? ஒரே வரியில்.

ப: உலோகமும் மின்காப்புப் பொருளும் ஒட்டுகிற எல்லையில், ஒளியும் எலக்ட்ரான் கூட்டமும் சேர்ந்து ஆடிக்கொண்டே ஓடும் அலை. ஒரு வரி கேட்டீர்கள், கொடுத்தாயிற்று. இனி பேசுவது என் இஷ்டம்.

கே: ஒளி தனியாகவே நன்றாக ஓடுகிறதே. எலக்ட்ரான் துணை எதற்கு?

ப: ஓடும், ஒடுங்காது. சாதாரணக் கண்ணாடியிலோ சிலிக்கானிலோ ஒளியை அதன் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே இறுக்க முடியாது. தொலைத்தொடர்பு ஒளியின் அலைநீளம் 1550 நானோமீட்டர். சிலிக்கானுக்குள் நுழைந்து சுருங்கிய பிறகும் அரை அலை 220 நானோமீட்டர் வரும். பக்கத்து டிரான்சிஸ்டர்களோ சில பத்து நானோமீட்டரில் குடித்தனம் நடத்துகின்றன.

ஒளிக்கு வேகம் இருக்கிறது, இடுப்பு இல்லை. எலக்ட்ரானோடு சேர்ந்தால் இளைக்கும்.

கே: இதை இட்லி, தோசை உதாரணம் சொல்லி விளக்க முடியுமா?

ப: முடியும். பசி எடுக்கும். புரியாது.

கே: உலோகத்தில் பட்ட ஒளி திரும்பித்தானே வரும்? முகம் பார்க்கும் கண்ணாடி அப்படித்தானே வேலை செய்கிறது?

ப: ஆமாம். உலோகத்து எலக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்துக்கு எதிராக ஆடி அதை வெளியே துரத்துகின்றன. கணக்கில் இதை ‘விடுதிறன் எதிர்மறை’ என்று எழுதுவார்கள். கண்ணாடி, காற்று, பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் விடுதிறன் நேர்மறை.

ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ். அந்த வரப்பின் மேல்தான் நம் அலை நடக்கும். வெறும் மைனஸ் போதாது, அந்த மைனஸ் எதிர்ப்பக்கத்துப் பிளஸ்ஸைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். வரப்பிலிருந்து விலக விலக இரு பக்கமும் அலை தேய்ந்துவிடும். காற்றில் சில நூறு நானோமீட்டர், உலோகத்துக்குள் 25 நானோமீட்டர் அளவு. வேலி தாண்டாத பிள்ளை.

கே: அப்படியானால் என் தங்க வளையலில் வெயில் பட்டாலே பிளாஸ்மான் ஓட வேண்டுமே?

ப: ஓடாது. அதே அதிர்வெண் உள்ள ஒளியைவிடப் பிளாஸ்மானுக்கு உந்தம் அதிகம். சும்மா வந்து விழுகிற வெயிலுக்கு அந்த உந்தம் கிடையாது. வழவழப்பான பரப்பில் ஏற முடியாமல் எகிறிப் போய்விடும்.

கீறல் விழுந்த பழைய வளையலில் கொஞ்சம் ஏறும். ஆகவே புது வளையல் கேட்பதற்கு இயற்பியலைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

கே: பிறகு எப்படித்தான் ஏற்றுகிறார்கள்?

ப: பட்டகம் வைத்து. கண்ணாடிக்குள் ஒளியின் உந்தம் கூடும். பட்டகத்தின் அடிப்பக்கத்தில் 50 நானோமீட்டர் தங்கமோ வெள்ளியோ பூசி, உள்ளிருந்து சாய்வாக ஒளி அடித்தால், குறிப்பிட்ட ஒரு கோணத்தில் எதிரொளிப்பு திடீரென்று காணாமல் போகும். ஒளி பிளாஸ்மானாக மாறிவிட்டது என்று அர்த்தம்.

1968இல் ஆட்டோ என்ற ஆய்வாளர் ஒரு வழியும், கிரெட்ச்மானும் ரேத்தரும் சேர்ந்து இன்னொரு வழியும் சொன்னார்கள். ஆட்டோவின் வழியில் பட்டகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய காற்று இடைவெளி விட வேண்டும். மற்ற இருவர் உலோகத்தைப் பட்டகத்தின் மேலேயே பூசிவிட்டார்கள். சோம்பேறிகளின் கட்சி ஜெயித்தது. இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் அவர்கள் வழிதான்.

கே: இந்த அதிசயத்தை முதலில் பார்த்தவர் யார்?

ப: பார்த்தவர் ராபர்ட் வுட், 1902. பால்டிமோரில் உலோகக் கீற்றணியில் நிறமாலை பார்க்கும்போது, சில இடங்களில் ஒளி காரணமில்லாமல் பளிச்சிட்டது, சில இடங்களில் அணைந்தது. அதுவும் மின்புலம் கோடுகளுக்குக் குறுக்கே ஆடும் ஒளிக்கு மட்டும். வுட் அதை ‘முரண்’ என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அது பரப்பலையின் வேலை என்று 1941இல் ஃபானோ கணக்குப் போட்டுக் காட்டினார். 39 வருஷம்.

இதே வுட்தான் 1904இல் பிரான்சின் நான்சி நகருக்குப் போய், ‘என்-கதிர்’ கண்டுபிடித்ததாகச் சொன்ன பிளாண்ட்லோவின் இருட்டறையில் அலுமினியப் பட்டகத்தைச் சத்தமில்லாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டவர். பட்டகம் இல்லாமலே பிளாண்ட்லோவுக்குக் கதிர் தெரிந்துகொண்டிருந்தது. விளங்காததை விளங்கவில்லை என்று எழுதுகிறவருக்குத்தான் இல்லாததைப் பிடிக்கும் கையும் வரும்.

கே: ரோமானியர்களுக்கே பிளாஸ்மான் தெரியுமாமே?

ப: செய்யத் தெரியும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் லைகர்கஸ் கோப்பை 4ஆம் நூற்றாண்டுச் சரக்கு. வெளியிலிருந்து ஒளி பட்டால் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு. கண்ணாடிக்குள் தங்கமும் வெள்ளியும் கலந்த நானோத் துகள்கள். துகளுக்குள்ளேயே அடைபட்டு ஆடும் பிளாஸ்மான் அது, ஓடும் பிளாஸ்மானுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

ஏன் நிறம் மாறுகிறது என்று எந்த ரோமானியரும் சொல்லியிருக்க முடியாது. ‘நம் முன்னோர்கள் அன்றே’ என்று ஆரம்பிக்கும் செய்திகளை அனுப்புகிறவர்கள் இந்த இடத்தில் ஒருமுறை இருமிக்கொள்ளலாம்.

கே: கோட்பாட்டை எழுதியவர்?

ப: ரூஃபஸ் ரிட்சி, ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம், 1957. மெல்லிய உலோகத் தகட்டின் வழியாக எலக்ட்ரான்களைச் செலுத்தினால் அவை எவ்வளவு ஆற்றல் இழக்கும் என்று கணக்குப் பார்த்தவர், தகட்டின் உடம்பில் மட்டுமல்ல, தோலிலும் ஓர் அலைவு உண்டு என்றார். 1959இல் பவலும் ஸ்வானும் அலுமினியத்தில் அளந்தார்கள். 15.3 எலக்ட்ரான் வோல்ட்டில் உடம்பு, 10.3இல் தோல்.

முதல் எண்ணை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 10.8 வரும். அரை எலக்ட்ரான் வோல்ட் எங்கே என்று கேட்பவர்களுக்கு: அலுமினியத்தின் மேல் எப்போதும் ஆக்சைடு போர்த்தியிருக்கும். போர்வை போர்த்தினால் தோல் கொஞ்சம் அடக்கமாகத்தான் ஆடும்.

கே: சூத்திரம் உண்டா? பரீட்சை வருகிறது.

ப: உண்டு. இரண்டு விடுதிறன்களையும் பெருக்கு. அதை அவற்றின் கூட்டுத்தொகையால் வகு. வர்க்கமூலம் எடு. வெற்றிட ஒளியின் அலை எண்ணால் பெருக்கு.

மதிப்பெண் அதற்கு. ருசி வேறிடத்தில்: ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ் என்பதால் கூட்டுத்தொகை பூஜ்ஜியத்தை நெருங்கும் இடம் ஒன்று வரும். அங்கே விடை எகிறும். அலை சுருங்கும், வேகம் சாகும். வெள்ளி-காற்று எல்லையில் இது புறஊதாவில், 340 நானோமீட்டர் பக்கம். அந்த இடத்தில் உலோகம் ஒளியை விழுங்குவதும் உச்சத்துக்குப் போகும் என்பதைப் புத்தகம் அடிக்குறிப்பில் சொல்லும்.

கே: பிளாஸ்மான் ஒளியைவிட வேகமா?

ப: இல்லை. எலக்ட்ரானைக் கூட்டிக்கொண்டு போகிறவன் தாமதமாகத்தான் போய்ச் சேருவான்.

கே: எவ்வளவு தூரம் ஓடும்? கிலோமீட்டரில் சொல்லவும்.

ப: கிலோமீட்டரா! தங்கத்தின் மேல் சிவப்பு ஒளி சுமார் 10 மைக்ரான். உங்கள் தலைமுடியின் குறுக்களவைக் கடக்காது. வெள்ளியில், தொலைத்தொடர்பு அலைநீளத்தில், சில நூறு மைக்ரான். ஒளியிழையில் இதே ஒளி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போன பிறகும் பாதி மிச்சமிருக்கும்.

கே: மிச்சம் எங்கே போகிறது?

ப: நகைக்கடைக்குப் போனவர்களுக்கு ஒரு சொல் தெரியும்: சேதாரம். தங்கம் கை மாறும்போதெல்லாம் கொஞ்சம் காணாமல் போகும், யாரும் திருடியிருக்க மாட்டார்கள். இங்கேயும் அதேதான். ஆடும் எலக்ட்ரான்கள் அணுக்கோவையின் அதிர்வுகளிலும் குறைகளிலும் இடித்துக்கொள்கின்றன. பத்து ஃபெம்டோ நொடிக்கு ஒரு தரம் என்ற கணக்கில். இடித்தால் சூடு. ஒளி போச்சு, வெப்பம் மிச்சம்.

கே: பாலிஷ் போட்டு, சுத்தம் செய்து, சேதாரத்தை ஒழித்துவிட முடியாதா?

ப: சொரசொரப்பால் வரும் சேதாரத்தைக் குறைக்கலாம். அடிப்படைச் சேதாரத்தை ஒன்றும் செய்ய முடியாது. காரணம் கொஞ்சம் ஆழமானது, பொறுமையாகப் படியுங்கள்.

சாதாரண ஒளியில் ஆற்றல் மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் மாறி மாறிக் கை மாறும். இரண்டுக்கும் சம பங்கு. ஒளியை அலைநீளத்தைவிடச் சிறிய இடத்தில் அடைத்தால் காந்தப்புலத்துக்கு வளர இடம் இல்லை. அதன் பங்கை யாராவது வாங்கியாக வேண்டும். வாங்குவது எலக்ட்ரான்களின் ஓட்டம். ஆகவே அரைவாசி நேரம் ஆற்றல் எலக்ட்ரானின் கையில். எலக்ட்ரானின் கையில் இருக்கும் ஆற்றல் இடிபடும்.

அதாவது சேதாரம் என்பது கைத்தவறு இல்லை, ஒடுக்கியதற்கான விலை. இதை ஜேக்கப் குர்கின் பத்து வருஷத்துக்கு மேலாகக் கட்டுரை கட்டுரையாகச் சொல்லிவருகிறார். எல்லாத் திசையிலும் ஒடுக்கிவிட்டால், நீங்கள் உலோகத்தை எந்த வடிவத்தில் வெட்டினாலும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். அதற்கப்புறமும் புது வடிவம் வரைந்து கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வடிவம் வரைவதில் சேதாரம் இல்லையே.

கே: சரி, அலையைப் பிடித்து ஓட்டிச் செல்லும் அடுக்குகளுக்கு, அதாவது அடுக்கு அலைவழிகாட்டிக்கு வருவோம். ஒரே உலோகத் தகட்டுக்கு மேலும் கீழும் காப்புப் பொருள் வைத்தால்?

ப: இப்போதுதான் கதை சூடு பிடிக்கிறது. தகடு தடிமனாக இருந்தால் மேல் பரப்பில் ஒன்று, கீழ்ப் பரப்பில் ஒன்று, ஒன்றையொன்று தெரியாமல் இரண்டு அலைகள். தகட்டை 20 நானோமீட்டர் அளவுக்கு மெலிய வைத்தால் உள்ளே இரண்டின் வாலும் உரசும். உரசியவுடன் தனித்தனிக் குடித்தனம் முடிந்தது. இரண்டும் சேர்ந்து இரண்டு புதிய அலைகள்.

ஒன்றில், உலோகத்துக்குள் நீளவாக்கில் ஆடும் மின்புலம் நடுவில் பூஜ்ஜியமாகிவிடும். எலக்ட்ரானை இழுத்து ஆட்டும் வேலை குறைவு, சேதாரம் குறைவு. இது நெடுந்தூர ஓட்டக்காரன். தகடு மெலிய மெலிய இன்னும் தூரம் போகும். மில்லிமீட்டர், சில சமயம் சென்டிமீட்டர் கூட. மற்றது இதற்கு நேர் எதிர்: உலோகத்துக்குள்ளேயே முகம் புதைத்து, சில மைக்ரானில் உயிரை விடும்.

அடுக்குகளின் கணக்கை 1969இல் எகானமு ஒழுங்காகப் போட்டுவைத்தார். நெடுந்தூரக்காரனை 1981இல் டிரோர் சாரிட் பெயர் சொல்லி மேடையேற்றினார். அகலமான தகட்டுக்குப் பதில் மெல்லிய பட்டை போதும் என்று 2000இல் பியர் பெரினி விரிவாகக் காட்டினார்.

கே: அப்புறம் என்ன, பிரச்சினை தீர்ந்ததே!

ப: தீராது. நெடுந்தூரக்காரன் சேதாரத்தைக் குறைத்தது எப்படி? உலோகத்தை விட்டு வெளியே போய். 20 நானோமீட்டர் தகட்டைப் பிடித்துக்கொண்டு, அலையின் உடம்பு சில மைக்ரானுக்குக் காப்புப் பொருளில் ஊதிக் கிடக்கும். இளைக்க வேண்டும் என்று ஜிம்மில் சேர்ந்தோம், சந்தாவைக் குறைத்துக்கொண்டு எடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு முரண்டும் உண்டு. மேலும் கீழும் ஒளிவிலகல் எண் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் ஏறுமாறானாலும் அலை தகட்டைக் கைவிட்டு, எண் அதிகமுள்ள பக்கம் கசிந்துவிடும். தண்ணீரில் வேலை செய்யும் உணரி வேண்டுமென்றால் அடியில் தண்ணீருக்குச் சமமான பொருள் வேண்டும். தண்ணீர் 1.33. சாதாரணக் கண்ணாடி 1.5. ஆகவே 1.34 உள்ள சைட்டாப் என்ற ஃபுளோரின் பாலிமரைத் தேடிப் பிடித்தார்கள். ஜாதகப் பொருத்தத்தில் இரண்டாம் தசமம் வரை பார்க்கும் சம்பந்தம் இது.

கே: அடுக்கைத் திருப்பிப் போட்டால்? இரண்டு உலோகம், நடுவில் காப்புப் பொருள்?

ப: அலை நடுச்சந்தில் மாட்டிக்கொள்ளும். சந்து 20 நானோமீட்டர் ஆனாலும் அடிப்படை அலைக்குத் தடை கிடையாது. ‘இதற்குக் கீழே அனுமதி இல்லை’ என்ற வெட்டு அளவே இல்லை. ரேடியோ ஆட்களுக்கு இது புதிதில்லை, இரண்டு தகடுகளுக்கு நடுவே அலை அனுப்புவதை அவர்கள் வெகுகாலமாகச் செய்கிறார்கள். ஒளியின் அதிர்வெண்ணில் வித்தியாசம் ஒன்றே: உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கும்.

சந்து குறுகக் குறுக அலையின் பெரும்பங்கு உலோகத்தில் முழங்கை ஊன்றி நிற்கும். பயன்படு ஒளிவிலகல் எண் ஏறும், அலை சுருங்கும், சேதாரம் ஏறும். சில பத்து நானோமீட்டர் சந்தில் சில மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் வரைதான் பயணம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தச் சந்து செங்கோணத்தில் திரும்பினாலும் ஒளி வெளியே கொட்டாது. ஒளியிழையை அப்படி மடக்கிப் பாருங்கள், வெளிச்சம் தரையில்.

கே: சேதாரமும் வேண்டாம், ஊத்தமும் வேண்டாம். நடுவழி ஏதாவது?

ப: பஞ்சாயத்து நடந்தது, 2008இல் பெர்க்லியில். உலோகத்தின் மேல் குறைக்கடத்தி இழையை வைத்து, இரண்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் மெல்லிய காப்பு அடுக்கு. ஒளியின் பெரும்பகுதி அந்த அடுக்கில் ஒடுங்கும், உலோகத்தில் கொஞ்சமே நுழையும். ஆல்டனும் அவருடைய குழுவும் மறு வருஷமே அதில் லேசர் செய்தார்கள்: வெள்ளி, அதன் மேல் 5 நானோமீட்டர் மக்னீசியம் ஃபுளோரைடு, அதன் மேல் காட்மியம் சல்ஃபைடு இழை. எல்லாப் பஞ்சாயத்தையும் போல இரு தரப்புக்கும் அரைத் திருப்தி.

கே: வழியில் போகிற ஒளிக்குத் தெம்பு ஏற்றி அனுப்பினால் என்ன? இழக்க இழக்க ஊட்டலாமே?

ப: 2003இல் பெர்க்மனும் ஸ்டாக்மனும் அதைத்தான் கேட்டார்கள். லேசர் ஒளியைப் பெருக்குவது போல் பிளாஸ்மானைப் பெருக்கும் ‘ஸ்பேசர்’. 2009இல் 44 நானோமீட்டர் உருண்டையில் வேறொரு குழு செய்தும் காட்டியது: நடுவில் தங்கம், சுற்றிச் சாயம் ஊறிய சிலிக்கா.

அலைவழிகாட்டி நெடுக ஊட்டுவது வேறு கணக்கு. சேதாரம் அதிகமான இடத்தில் ஊட்டவேண்டியதும் அதிகம், ஊட்டியதில் பாதி மறுபடி சூடு. கடன் வாங்கி வட்டி கட்டுவதற்கு இது தொழில்நுட்பப் பெயர்.

கே: எல்லா ஒளியும் பிளாஸ்மானாக மாறுமா?

ப: மின்புலம் பரப்பைக் குத்துகிற மாதிரி ஆடும் ஒளிக்கு மட்டும் அனுமதி. அப்போதுதான் எல்லையில் மின்சுமை குவியும். பரப்போடு படுத்து ஆடுகிற ஒளிக்கு இடமில்லை. சிபாரிசுக் கடிதம் செல்லாது.

கே: எந்த உலோகம் நல்லது?

ப: குணத்தில் வெள்ளி. ஆனால் காற்றிலுள்ள கந்தகத்தில் கறுத்துப்போகும், பூஜை சாமான் தேய்த்தவர்களைக் கேளுங்கள். ஒழுக்கத்தில் தங்கம், ஆனால் 520 நானோமீட்டருக்குக் கீழே பச்சை, நீலத்தை அதுவே தின்னும். புறஊதாவுக்கு அலுமினியம். சிலிக்கான் சில்லுத் தொழிற்சாலைக்குள் தங்கம் தீண்டத்தகாதது, ஓர் அணு உள்ளே கசிந்தாலும் டிரான்சிஸ்டரின் மின்சுமை ஏந்திகளுக்குக் குழி தோண்டும். அங்கே தாமிரம். சூடு தாங்க டைட்டேனியம் நைட்ரைடு, பார்ப்பதற்கும் தங்க நிறம்.

2020இல் சீனாவில் சோடியத்தை வைத்துக் குறைந்த சேதாரத்தில் செய்து காட்டினார்கள். தண்ணீர் பட்டால் பற்றும் உலோகம். வெயிலிலும் மழையிலும் வைக்காதீர்கள்.

கே: 22 காரட்டா, 24 காரட்டா?

ப: 24. செம்பு கலந்தால் எலக்ட்ரான் இன்னும் இடிபடும். மாப்பிள்ளை வீட்டார் இவ்வளவு கறாராக இருந்ததில்லை.

கே: அடுக்குமேல் அடுக்காக, பத்து இருபது போட்டால் என்ன ஆகும்?

ப: ஒளிக்கு அடுக்குகள் தனித்தனியாகத் தெரியாது, மொத்தமும் ஒரே விசித்திரப் பொருளாகத் தெரியும். அடுக்கு நெடுகப் பார்த்தால் உலோகம், குறுக்கே பார்த்தால் கண்ணாடி. திசைக்கொரு குணம். எனக்குச் சில மனிதர்கள் ஞாபகம் வருகிறார்கள், பெயர் வேண்டாம்.

2000இல் பெண்ட்ரி, எதிர்மறை விலகல் உள்ள தகடு கிடைத்தால் அலைநீள வரம்பைத் தாண்டிப் பிம்பம் எடுக்கலாம் என்றார். பலர் சிரித்தார்கள், சிலர் சண்டைக்கு வந்தார்கள். 2005இல் பெர்க்லியில் வெறும் 35 நானோமீட்டர் வெள்ளிப் படலம் வைத்து, 365 நானோமீட்டர் ஒளியில் 60 நானோமீட்டர் விவரத்தைப் பதிவு செய்தார்கள். 2007இல் வெள்ளியும் அலுமினாவும் மாறி மாறி, வளைந்த அடுக்கில் அடுக்கி, நுண்விவரத்தைப் பெரிதாக்கி வெளியே அனுப்பினார்கள்.

அதே வருஷம் கால்டெக்கில் தங்கம், சிலிக்கான் நைட்ரைடு, வெள்ளி என்று மூன்றே அடுக்கில் கண்ணுக்குத் தெரியும் ஒளியையே தப்புப் பக்கம் வளைத்தார்கள். சண்டைக்கு வந்தவர்கள் வேறு சண்டைக்குப் போனார்கள்.

கே: சின்னத் துளையில் அதிக ஒளி நுழையுமாமே? அதெப்படி?

ப: 1998இல் எப்பெசன் வெளியிட்டது. வெள்ளிப் படலத்தில் ஒழுங்கான வரிசையில் நுண்துளைகள். துளைகளின் பரப்பில் விழுந்ததைவிட அதிக ஒளி மறுபக்கம் வந்தது. படலத்தில் விழுந்த ஒளி பிளாஸ்மானாகி, துளையைத் தேடிப்போய் நுழைந்ததுதான் காரணம். வாசல் சின்னதானாலும் திண்ணை பெரிது.

கே: நோபல் உண்டா?

ப: பிளாஸ்மானுக்கென்று இதுவரை இல்லை. 2014இல் எப்பெசன், பெண்ட்ரி, ஸ்டெஃபான் ஹெல் மூவருக்கும் காவ்லி பரிசு. ஹெல்லுக்கு அதே வருஷம் நோபலும் வந்தது, பிளாஸ்மானுக்காக இல்லை. மற்ற இருவரும் கைதட்டினார்கள்.

கே: நம்மூர் ஆள் யாராவது சம்பந்தப்படுகிறாரா?

ப: திருச்சியில் பிறந்த ராமன், 1928இல் கல்கத்தாவில் கண்ட சிதறல் மிக மிகப் பலவீனமானது. 1974இல் சவுதாம்ப்டனில் ஃபிளைஷ்மனும் கூட்டாளிகளும் சொரசொரப்பான வெள்ளியின் மேல் பிரிடின் வைத்தபோது ராமன் ஒளி எதிர்பாராமல் பலமாக வந்தது. 1977இல் வான் டைன், இது வெறும் பரப்புக் கூடுதல் இல்லை, லட்சக் கணக்கான மடங்கு பெருக்கம் என்றார். பெருக்கியதில் பெரும்பங்கு பிளாஸ்மானுக்கு.

அதே ஃபிளைஷ்மன்தான் 1989இல் ‘குளிர் அணுப்பிணைவு’ என்று அறிவித்து உலகத்தையே வம்புக்கு இழுத்தவர். நல்லவேளை, முதல் கண்டுபிடிப்பு முந்திவிட்டது.

கே: பிளாஸ்மான் என் வீட்டுக்குள் எப்போது வரும்?

ப: வந்துவிட்டது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு பெரும்பாலும் தங்க நானோத் துகள். கோவிட் காலத்துப் பட்டைகளிலும் அதே கோடு. சந்தோஷமோ திகிலோ, சிவப்பு பிளாஸ்மான் கொடுத்தது.

கே: ஓடும் பிளாஸ்மானுக்கு வேலை கிடைத்ததா? உருப்படியாக ஏதாவது?

ப: கிடைத்தது. அதன் பலவீனமே தகுதியான இடங்களில்.

பரப்பை விட்டு விலகாத அலை என்பதால், பரப்பில் மூலக்கூறுகள் மெல்லிசாக ஒட்டினாலே கோணம் மாறும். 1980களின் ஆரம்பத்தில் ஸ்வீடனின் லிங்ஷோப்பிங்கில் இதை உணரியாக்கினார்கள், 1990இல் பயகோர் கருவி விற்பனைக்கு வந்தது. மருந்து ஒன்று புரதத்தோடு எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கும் என்று சாயம் பூசாமல் பார்க்கலாம். சேதாரம் இருந்தால் இருக்கட்டும், தூரம் யாருக்கு வேண்டும்?

அடுத்தது ஹார்ட் டிஸ்க். சீகேட் 2024இல் வெளியிட்ட 30 டெராபைட் வகையில் எழுதும் முனைக்குள் ஒரு குட்டி லேசர், ஓர் அலைவழிகாட்டி, ஒரு பிளாஸ்மான் முனை. சில பத்து நானோமீட்டர் புள்ளியை மட்டும், ஒரு நானோநொடிக் கணக்கில், நானூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி, அந்தச் சூட்டில் காந்தத்தைத் திருப்பிவிடுகிறார்கள். முப்பது வருஷம் திட்டு வாங்கிய சேதாரத்துக்குக் கடைசியில் சம்பளம்.

கே: சில்லுக்குள் தகவல் கொண்டுபோகும் கனவு என்ன ஆயிற்று?

ப: கம்பியாக வேலை பார்க்கும் கனவு படுத்துவிட்டது. குமிழாக வேலை பார்க்கும் கனவு எழுந்து உட்கார்ந்திருக்கிறது. சூரிக் ஈ.டி.ஹெச்சில் லாய்ட்ஹோல்டின் குழு தங்கச் சந்துக்குள் மின்-ஒளியியல் பாலிமரை நிரப்பி, மின்னழுத்தத்தால் ஒளியை மாற்றியமைக்கும் பண்பேற்றி செய்தது, 2015. நீளம் 10 மைக்ரான். சிலிக்கானில் அதே வேலைக்கு மில்லிமீட்டர் கணக்கு வேண்டும். 2019இல் வேகம் 500 கிகாஹெர்ட்சைத் தாண்டியது.

தந்திரம் எளிது. சிலிக்கானில் வந்த ஒளி பத்து மைக்ரானுக்கு மட்டும் தங்கத்தில் இறங்கி, வேலையை முடித்துக்கொண்டு மறுபடி சிலிக்கானில் ஏறிவிடும். நகைக்கடையில் அதிக நேரம் நிற்கக் கூடாது என்பது குடும்பஸ்தர்களுக்குத் தெரிந்த விஷயம்தானே.

கே: குவாண்டம் என்று ஒரு வார்த்தை இல்லாமல் கட்டுரை முடியுமா?

ப: முடியாது, சட்டம் அப்படி. 2002இல் லைடனில், பிணைந்த ஃபோட்டான் ஜோடி ஒன்றை எப்பெசன் வகைத் துளைப் படலத்தின் வழியே அனுப்பினார்கள். ஒளி பிளாஸ்மானாகி, எண்ணற்ற எலக்ட்ரான்களோடு ஆடி, மறுபடி ஒளியாகி வெளியே வந்தது. பிணைப்பு அப்படியே இருந்தது. அவ்வளவு பெரிய கூட்டுக்குடும்பத்தில் நுழைந்து வெளியே வந்தும் பிரியாத ஜோடி.

கே: என் மடிக்கணினியை விற்றுவிட்டுப் பிளாஸ்மான் கணினி வரும்வரை காத்திருக்கலாமா?

ப: விற்றால் நான் வாங்கிக்கொள்கிறேன்.

கே: என் பையன் பிளாஸ்மான் அலைவழிகாட்டியில் பி.எச்டி. செய்கிறான். பெண் வீட்டில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். எப்படிச் சொல்ல?

ப: ‘தங்கத்தில் இறங்கியிருக்கிறான்’ என்று சொல்லுங்கள். பொய்யில்லை. எவ்வளவு தங்கம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள். 20 நானோமீட்டர் என்று உளறிவைக்காதீர்கள்.